ஒன்பது நாள் சிக்கு

கத்தரிக்கோல் வலது கைக்காரர்களுக்காகச் செய்யப்பட்ட பொருள் என்பது சுகிர்தத்துக்கு அறுபத்துமூன்று வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்குத்தான் தெரிந்தது. மொட்டைமாடியில் காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் சீப்பு கிடந்தது, காலடியில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம். இடது கையில் பிடித்த கத்தரியின் இரண்டு அலகும் ஒன்றோடொன்று சேராமல் விலகி விலகிப் போயின. நடுவில் அகப்பட்ட முடி வெட்டுப்படாமல் மடங்கி, கொஞ்சம் கசங்கி, அப்படியே வெளியே வந்தது. இதே கத்தரியில் எத்தனை ரவிக்கைத் துணி வெட்டியிருக்கிறாள், அப்போதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டதே, இப்போது என்ன வந்தது இதற்கு. வலது கையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். மார்புக்கு நேராக வந்தது, இன்னும் கொஞ்சம் வந்தது, அதற்குமேல் தோளுக்குள் யாரோ உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டதுபோல் நின்றுவிட்டது. சரி, வேண்டாம், அங்கேயே இரு என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள். கடல் காற்று உப்பளங்களைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. தூத்துக்குடியில் இந்த நேரத்துக் காற்றுக்கு மட்டும்தான் ஈரம் உண்டு, எட்டு மணிக்கு மேல் அதுவும் காய்ந்துவிடும். அதற்குள் இதை முடித்துவிட வேண்டும். முடியை வெட்டிவிட்டால் சீவ வேண்டியதில்லை, சீவ வேண்டியதில்லை என்றால் கை தூக்க வேண்டியதில்லை, யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. கணக்கு சுலபமாகத்தான் இருந்தது. கத்தரிதான் ஒத்துழைக்கவில்லை.

ஐந்து வாரமாக அந்தத் தோள் பூட்டிக்கிடந்தது. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு வரும், தானாகப் பூட்டும், தானாகத் திறக்கும், வருசம்கூட ஆகலாம் என்று ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயது டாக்டர் சொன்னார். சுவரில் விரல்களால் ஏறிப் பழகச் சொன்னார். அறைச் சுவரில் விரல் எட்டிய இடத்தில் தினமும் பென்சிலால் ஒரு கோடு போட்டு வந்தாள், கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து ஒரே தடித்த கோடாகிவிட்டன. கோடு ஏறாவிட்டால் என்ன, வேறு வழிகள் இருந்தன. கீழே குழாயடியிலிருந்து மாடிக்கு இருபத்தேழு படி. பெரிய குடத்தை விட்டுவிட்டுச் சின்னத் தூக்குவாளியை இடது கையில் எடுத்து ஆறு நடை நடந்தாள். சேலையை மடித்துக் கட்ட முடியாததால் நைட்டிக்கு மாறினாள். கீரையைக் கத்தியால் அரியாமல் கையால் கிள்ளினாள், தேங்காய் துருவுவதை விட்டாள், துணியைப் பிழியாமல் சொட்டச் சொட்டக் கொடியில் போட்டாள். ஒவ்வொரு வழி கண்டுபிடித்தபோதும் உள்ளே ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. பார்த்தாயா, இதுவும் முடிந்தது. யாரிடம் பார்த்தாயா என்கிறோம் என்று யோசித்ததில்லை. தலைமுடிக்கு மட்டும் வழி அகப்படவில்லை. முடி இடுப்புவரைக்கும் இருந்தது, பாதி நரைத்தும் அடர்த்தி குறையாத முடி. ஒரு கையால் சீவலாம், ஒரு கையால் பின்ன முடியாது. பின்னாமல் கொண்டையாகச் சுருட்டி நைட்டியின் கழுத்துக்குள் செருகிக்கொண்டதில் காற்றும் வியர்வையும் சேர்ந்து பிடரிக்கு மேலே ஒரு முடிச்சு விழுந்தது. ஒன்பது நாளில் அது காய்ந்த தேங்காய் நார்போல ஆகிவிட்டது. விரலால் தொட்டால் சொந்த உடம்பு மாதிரியே இல்லை, தலையில் வேறு ஏதோ கூடு கட்டிக் குடியிருப்பதுபோல இருந்தது. கண்ணாடியில் பார்க்க வழியில்லை. கண்ணாடியை மூன்று வருசத்துக்கு முன்னால் கொடுத்துவிட்டாள்.

கொடுத்தது கண்ணாடியை மட்டுமா. கணவர் ஆசீர் இறந்துபோன மறுவருசம், பிரையண்ட் நகர் வீட்டில் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க நின்றாள். முப்பது வருசத்துச் சாமான். எவர்சில்வர் பாத்திரங்களில் பாதிக்குமேல் ஒருநாளும் அடுப்பேறாதவை. இவற்றைத் துடைத்து, அடுக்கி, பூட்டி, சாவியைத் தேடி, இதற்கா நான் இத்தனை நாள் இருந்தேன் என்று தோன்றியது. முதலில் பாத்திரம் போனது, பிறகு பீரோ, பிறகு டி.வி. ஒவ்வொன்று போனபிறகும் ஒரு வாரம் காத்திருந்து பார்த்தாள், அது இல்லாமல் தன்னில் ஏதாவது குறைகிறதா என்று. குறையவில்லை. ஒரு வெயில்காலத்தில் மின்விசிறியைக்கூட நிறுத்திப் பார்த்தாள், நாலாம் நாள் தோற்றுப்போய்ப் போட்டுக்கொண்டாள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. உடம்புக்கு எது போதும் என்று உடம்புதான் சொல்ல வேண்டும், வைராக்கியம் சொல்லக்கூடாது. வீட்டை மகள் பேருக்கு எழுதிவிட்டு இந்த மாடி அறைக்கு வந்து ஆறு வருசம். ஒரு அடுப்பு, படுக்க ஒரு பாய், நாலைந்து சேலை, பெயிண்ட் வாளிகளில் பசலையும் தண்டுக்கீரையும் ஒரு கறிவேப்பிலைக் கன்றும். காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். ஜெபம் என்றும் சொல்ல முடியாது, யோசனை என்றும் சொல்ல முடியாது. இருபத்தெட்டு வருசம் டெலிபோன் ஆபீசில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர்ச்சனங்களின் குரல்களை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டவள். பம்பாய் கொடுங்கம்மா, கொழும்பு கொடுங்கம்மா, அவசரம்மா, கொஞ்சம் பாருங்கம்மா. அத்தனை கெஞ்சலும் அவள் காது வழியாகத்தான் போயிற்று. இந்த மாடிக்கு வந்த முதல் காலை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. காக்கை கத்தியது, கப்பல் ஒன்று நீளமாக ஊதியது, அது யாரையும் கூப்பிடவில்லை, சும்மா ஊதியது. அன்றைக்கு அவள் அழுதாள். துக்கத்தில் இல்லை. இவ்வளவு போதுமா, இவ்வளவுதானா, இது முதலிலேயே தெரியாமல் போயிற்றே என்று.

அந்தப் ‘போதும்’ இப்போது ஒரு தோளில் வந்து இடறுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மகள் இவாஞ்சலின் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டபோது வீடியோவைப் போடுங்கம்மா, முகத்தைப் பார்த்து நாளாச்சு என்றாள். இங்கே சிக்னல் சரியில்லை என்று சுகிர்தம் சொன்னாள். வாழ்க்கை முழுவதும் லைனில் இருந்தவள், லைன் சரியில்லை என்று பொய் சொன்னாள். சொல்லாமல் என்ன செய்வது. அவள் இந்தத் தலையைப் பார்த்தால் மறுநாளே காரோடு வந்து நிற்பாள். திட்டமாட்டாள், அழமாட்டாள், அன்பாகத்தான் பேசுவாள், அந்த அன்புக்கு எதிராக நிற்கச் சுகிர்தத்திடம் ஒரு வார்த்தையும் கிடையாது. அங்கே அறை இருக்கிறது, கட்டில் இருக்கிறது, வேலைக்கு ஆள் இருக்கிறது. கட்டில். அந்தச் சொல்லில்தான் மனம் எப்போதும் வந்து மாட்டிக்கொள்ளும். இன்றைக்குத் தலை சீவ ஆள் என்று தொடங்கும், அப்புறம் தண்ணீர் தூக்க, அப்புறம் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று ஆச்சா ஆச்சா என்று கேட்க, ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் துணி முழுக்கப் பிரிவதுபோல அது போய் ஒரு கட்டிலில்தான் முடியும். அவளுக்கு அந்தக் கட்டிலைத் தெரியும். ஐந்து வருசம் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறாள். கத்தரியை மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை அலகுகளைக் கட்டைவிரலால் உள்பக்கமாக நெருக்கிப் பிடித்து வெட்டினாள். காதோரம் கொஞ்சம் முடி வெட்டுப்பட்டது. ஒரு விரல் கனம் இருக்கும். மடியில் விழுந்து காற்றில் நெளிந்தது. ஆசீர் இந்த முடியைப் பற்றி ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் படுத்துவிட்ட பிறகு, அவள் காலையில் ஜன்னலோரம் நின்று தலை சீவும்போது, அசைக்க முடிந்த அந்தக் கண்களால் மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே சீப்போடு கூடவே போவார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். கப்பலிலிருந்து மரத்தடிகளை ஆகாசத்தில் தூக்கி, ஒரு தகரத்தில்கூட இடிக்காமல் இறக்கி வைத்தவர். ஒருநாள் காலையில் பல்தேய்க்கும்போது வாய் கோணி, வலப்பக்கம் முழுக்கச் செத்துப்போனது. சுகிர்தம் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தாள். தூக்கினாள், திருப்பினாள், துடைத்தாள், ஊட்டினாள். எல்லாரும் சிலுவை என்றார்கள். அவளுக்கு அப்படித் தோன்றவே இல்லை, அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. அவர் முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டுத் திருப்பிப் படுக்க வைத்ததும் அவர் விடுகிற மூச்சு இருக்கிறதே, அதில் அவளுக்கு ஒரு நிறைவு இருந்தது. அவர் தண்ணீ என்பார், பாதிச் சொல்தான் வரும், த என்று மட்டும். அதற்கு எழுந்து போவாள். மூன்றாம் வருசம் ஒரு மத்தியானம், நல்ல வெயில், அவளுக்குக் காய்ச்சல் வேறு, அப்போதுதான் கண்ணை மூடினாள், த என்று கேட்டது. எழுந்திருக்கும்போது ஒரு பெருமூச்சு விட்டாள். அவ்வளவுதான். கோபமில்லை, சலிப்புகூட இல்லை, எழுந்திருக்கிற உடம்பு விடுகிற மூச்சு அது. அவர் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. முதலில் அவளுக்கு அது தெரியவில்லை, தாகம் குறைந்துவிட்டது என்று நினைத்தாள். ஒருநாள் உதடு வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. ஏன் கேட்கல என்றாள். அவர் கோணின வாயால் ஒவ்வொரு சொல்லாக இழுத்து, நீ தூங்கிட்டிருந்தே என்றார். அன்றையிலிருந்து அரைமணிக்கு ஒருதடவை அவளாகவே கொடுத்தாள். அவர் குடித்தார். ஆனால் கேட்கவில்லை. கடைசி இரண்டு வருசமும் அவர் அவளிடம் எதையும் கேட்கவில்லை.

எவ்வளவு நல்ல மனுசன் என்று கல்லறையில் எல்லாரும் சொன்னார்கள், கடைசிவரைக்கும் யாருக்கும் பாரமாக இருக்கவில்லை என்றார்கள், அவளும் தலையை ஆட்டினாள். இத்தனை வருசம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். இப்போது மடியில் வெட்டுப்பட்ட முடியை வைத்துக்கொண்டு, இடது கை பெருவிரல் கத்தரி பட்டுச் சிவந்திருக்க, அவளுக்குத் திடீரென்று அவர்மேல் கோபம் வந்தது. ஏழு வருசம் கழித்து வருகிற கோபம். ஒரு பெருமூச்சுக்காக. ஒரேயொரு மூச்சுக்காக இப்படியா செய்வது. எனக்கு அந்த த என்கிற சத்தம் வேண்டியிருந்தது, அது உங்களுக்கு ஏன் தெரியவில்லை. அது நின்றபிறகு உங்கள் பக்கத்தில் இருந்தது மனைவி இல்லை, வேலைக்காரி, மணி பார்த்துத் தண்ணீர் கொடுக்கிறவள். நீங்கள் பாரமாக இருக்கவில்லை, சரி, எனக்குத் தூக்க ஒன்றும் இல்லாமல் போயிற்றே. கோபம் போன வேகத்திலேயே திரும்பி வந்தது, வரும்போது அதற்கு வேறு முகம் இருந்தது. மாரிக்கனியின் முகம். கீழ் வீட்டில் பின்பக்கம் குடியிருக்கிறவள், முப்பது முப்பத்திரண்டு வயசிருக்கும், இறால் கம்பெனியில் வேலை. இரண்டு வாரத்துக்கு முன்னால் படிக்கட்டில் எதிரே வந்தபோது, கொடுங்க பெரியம்மா, நான் கொண்டாந்து வைக்கேன் என்று தூக்குவாளிக்குக் கை நீட்டினாள். வேண்டாம்மா, எனக்கு முடியும் என்று சுகிர்தம் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்தாளா. சிரித்த மாதிரிதான் நினைவு. நீட்டின கையை மாரிக்கனி எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு நிமிசம் அப்படியே வைத்திருந்து, பிறகு சேலையில் துடைத்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டாள். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. படியில் பார்த்தால் சுவரோடு ஒட்டி நிற்கிறாள்.

கீழே பாத்திரம் உருளும் சத்தமும், மாமியார் யாரையோ ஏசுவதும், பிள்ளைகள் இரண்டும் ஒரே சமயத்தில் அழுவதும் கேட்டன. ஏழே காலாகியிருக்கும். எட்டு மணிக்குக் கம்பெனி வேன் தெருமுனைக்கு வரும். இப்போது போய்க் கேட்பதா, அவளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. நாளைக்குக் கேட்கலாம். நாளைக்கும் வேன் வரும். ஞாயிற்றுக்கிழமை கேட்கலாம், ஞாயிற்றுக்கிழமை இவாஞ்சலின் கூப்பிடுவாள். சுகிர்தம் எழுந்து கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றாள். கீழே குழாயடியில் மாரிக்கனி குனிந்து பிள்ளையின் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கூப்பிட வேண்டியது இரண்டெழுத்துப் பேர்தான். ஒரு நாளைக்கு நானூறு குரலை இணைத்தவளுக்குத் தன் குரல் தொண்டையைவிட்டு வெளியே வரவில்லை. நாக்கு காய்ந்திருந்தது. அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ. ஒவ்வொரு தடவையும் இவ்வளவு தூரமா. அவர் கட்டிலிலிருந்து அவள் பாய்க்கு நாலு அடிதான், அதைக் கடக்க அவருக்கு இவ்வளவு வேண்டியிருந்ததா. முதல் மூன்று வருசம் அவர் கேட்டாரே, தினமும் கேட்டாரே, அதுவல்லவா பெரிய காரியம். கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

“மாரி,” என்றாள். குரல் தடித்துக் கரகரவென்று வந்தது. மாரிக்கனி நிமிர்ந்து பார்த்தாள். “வேன் வர நேரம் இருந்தா கொஞ்சம் மேல வாரியா? எனக்குக் கை தூக்க முடியல. தலை சீவணும்.”

அவ்வளவுதான். சொல்லி முடித்ததும் வாளிமேல் வந்து உட்கார்ந்துகொண்டாள். மாரிக்கனி வேகமாகப் படியேறி வந்தவள் மாடி வாசலில் நின்றுவிட்டாள். முதலில் கத்தரியைப் பார்த்தாள், பிறகு காதோரத்தில் குட்டையாக நின்ற முடியை, பிறகு சுற்றிப் பின்னால் வந்து அந்த முடிச்சை. தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துவிட்டு, எலுமிச்சை போட்டுத்தான் தேய்க்கேன், இருந்தாலும் எறா வாடை போகமாட்டேங்கு, உங்க தலையில ஒட்டிக்கிடும் பெரியம்மா என்று தயங்கினாள். ஒட்டட்டும் என்றாள் சுகிர்தம். எண்ணெயைக் கையில் ஊற்றி மாரிக்கனி முடிச்சின்மேல் வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தாள், அது இளகட்டும் என்று. பிறகு நுனியிலிருந்து தொடங்கினாள். இறால் ஓடு உரிக்கிற விரல்கள், ஒவ்வொரு இழையாகப் பிடித்து, வேர் இழுபடாமல் மேலே அழுத்திக்கொண்டு, கீழே மட்டும் சீவின. வாடை லேசாக அடித்தது. மோசமான வாடை இல்லை, துறைமுகத்திலிருந்து வருகிற ஒருவரின் சட்டையிலும் முன்பு இருந்ததுதான். எத்தன நாளாச்சு என்று கேட்டாள். ஒன்பது நாள் என்றதும் சீப்பு நின்றது.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா,” என்றாள். குரலில் வருத்தம்தான் இருந்தது. “நீங்க வேண்டாம்னதும், என் கை வாடைக்கித்தான் சொல்லுதியன்னு நெனச்சிட்டேன்.”

சுகிர்தம் திரும்ப முயன்றாள், முடி மாரிக்கனியின் கையில் இருந்ததால் முடியவில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். இல்லை என்பது போதாது என்று பட்டது. கூடுதலாகச் சொல்ல என்ன இருக்கிறது, என் வீட்டுக்காரர் இப்படித்தான், நான் இப்படித்தான், இதெல்லாம் எட்டு மணி வேனுக்கு முன்னால் சொல்லி முடிகிற கதையா. நான் செஞ்சது தப்பு மாரி என்று மட்டும் சொன்னாள். சீப்பு மறுபடி ஓடத் தொடங்கியது. தலை மெல்ல மெல்லக் கனம் இழந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். யாரோ ஒருவர் தலையைத் தொட்டு எத்தனை வருசம் ஆகிறது, இந்த உடம்பை எவ்வளவு அக்கறையாகப் பார்த்து வந்தாள், அளவாகத் தின்று, அளவாக உடுத்தி, எதெது வேண்டாம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்து. அப்படி வைக்கும்போது இதையும் சேர்த்து வைத்துவிட்டிருக்கிறாள். தெரியாமல் வைத்துவிட்டாள். வெட்டின இடத்து முடி பின்னலுக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டு நின்றது, மாரிக்கனி அதை எண்ணெய் தொட்டுக் காதுக்குப் பின்னால் படிய வைத்தாள். நாளைக்கும் வாரேன் என்றாள். சுகிர்தம் சரி என்றாள். அந்தச் சரி எவ்வளவு சின்னதாக, எவ்வளவு லேசாக வந்தது.

போவதற்குத் திரும்பின மாரிக்கனி போகவில்லை. கீரைவாளிப் பக்கம் நின்று கடல் இருக்கிற திசையைப் பார்த்தாள். கீழே மாமியார் குரல் இன்னும் ஓயவில்லை.

“பெரியம்மா, நானும் ஒண்ணு கேக்கட்டா?” என்றாள். கேட்பதற்குள் அவள் முகம் சிவந்துவிட்டது. “சீவி முடிச்சபெறகு ஒரு பத்து நிமிசம் இங்கன உக்காந்துக்கிடட்டா? சும்மாதான். வீட்டுல ஆளு, வேன்ல ஆளு, கம்பெனியில ஆளு. யாரும் எங்கூடப் பேசாம, ஒரு பத்து நிமிசம். நீங்களும் பேசக்கூடாது.”

சுகிர்தம் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். ஆறு வருசமாக இந்த மாடியில் குவிந்து கிடந்த அமைதியெல்லாம் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள், அதில் கேட்டு வாங்கிக்கொள்ள ஒருவருக்கு ஏதாவது இருக்கும் என்று தோன்றியதே இல்லை. எழுந்து, கவிழ்ந்திருந்த வாளியைக் காற்று வருகிற பக்கமாகத் தள்ளிப் போட்டாள். மாரிக்கனி உட்கார்ந்தாள். சுகிர்தம் ஒரு வார்த்தையும் பேசாமல் அறைக்குள் போனாள். அடுப்பில் கஞ்சி வைக்க வேண்டும், பசித்தது. தீப்பெட்டியைக் கையில் எடுத்தவள், உரசினால் அந்தச் சத்தம் வெளியே கேட்கும் என்று, உரசாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.